துடைத்த ட்ராலி

ட்ராலியின் கைப்பிடியை நான் மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரர் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்துவிட்டார். "இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சீங்கன்னா பெயின்ட் வந்துரும்மா." இடுப்பில் சுண்டு, தோளில் தங்கை கட்டிக்கொடுத்த பை, கையில் ஈர வைப்ஸ். இத்தனையையும் வைத்துக்கொண்டு சண்டையும் போட என்னால் முடியாது. முறைத்தேன், அவ்வளவுதான்.

சுண்டு என் தங்கையின் மகள். ஒன்றேகால் வயது. நிஜப்பெயர் நீளமானது. அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் மேஜைக்கடியில் போய்விடுவாள் என்பதால் எல்லோருக்கும் சுண்டு. தங்கைக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஊரார் தொண்டையையும் புண்ணையும் பஞ்சால் தொட்டு எடுத்து, வட்டத் தட்டில் தடவி, என்ன முளைக்கிறது என்று பார்ப்பாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கிருமியோடு குடித்தனம். வீட்டில் அவளுக்குக் கிருமி டாக்டர் என்று பெயர். சுண்டு வயிற்றில் இருந்த சமயம், இதே கடையில் ஒரு ட்ராலிக் கைப்பிடியைப் பஞ்சால் துடைத்து எடுத்துப்போய் வளர்த்துப் பார்த்துவிட்டு, போனில் படம் காட்டினாள். தட்டு முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. "பாருக்கா, இதத் தொட்டுட்டுத்தான் எல்லாரும் மூக்க நோண்டுறாங்க" என்றாள். "பாக்க நல்லாத்தான்டி இருக்கு, பட்டன் டப்பாவக் கொட்டினாப்ல" என்று நான் வெள்ளந்தியாகச் சொல்லப்போக, அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

பட்டன் என் வாயில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. நான் வீட்டில் மெஷின் போட்டுத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக்கொடுக்கிறவள். அதனால்தான் ட்ராலி உறை தைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. குழந்தை உட்காரும் இடத்தைக் கைப்பிடியோடு சேர்த்து மூடுகிற மாதிரி, பஞ்சு வைத்து, கால் நுழைய இரண்டு ஓட்டை, சுற்றிலும் எலாஸ்டிக். முதலில் கருநீலத்தில் தைத்தேன், அழுக்கு தெரியாமல் இருக்கட்டுமே என்று. "அழுக்கு தெரியணும்க்கா!" என்று அவள் அலறியதில் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு வழுவழுவென்ற வெள்ளைத் துணியில் மறுபடியும் தைத்தேன். "புள்ளையக் கட்டுற பெல்ட் வெளிய வர எங்கடி ஓட்டை வெக்கட்டும்?" என்றும் கேட்டேன். கேட்காமல் இல்லை. "பெல்ட்டா! ட்ராலியிலேயே அதான் நம்பர் ஒன் அழுக்கு. கைப்பிடியையாவது எவனாவது தொடைப்பான், பெல்ட்ட யார் தொடைக்கிறா? இவ அத வாயில வெச்சுச் சப்புவா. மூடி வர்ற மாதிரியே தச்சுரு" என்றாள். தைத்துவிட்டேன். மற்றவர்கள் எள் என்றால் எள்ளைக்கூட எடுத்துத் தராதவள் நான். அவள் சொன்னால் மட்டும் எண்ணெயாக நிற்பேன்.

பிரசவத்துக்கு எடுத்து நீட்டிக்கொண்டே வந்த தங்கையின் விடுப்பு திங்கட்கிழமை முடிகிறது. சுண்டுவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் ஒரு மாதமாக வீட்டில் பேச்சு. தெருக்கோடியில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. தரையில் முகம் பார்க்கலாம், அப்படிச் சுத்தம். கேமரா வைத்திருக்கிறார்களாம், தாய்மார்கள் வேலையிடத்திலிருந்தே போனில் பார்க்கலாமாம். இன்னொரு பக்கம் நான் இருக்கிறேன். "உனக்கு மெஷின் முன்னாடி உக்காந்தா உலகமே தெரியாதுக்கா. ஊசி, கத்தரி, குண்டூசி... நெனச்சாலே பகீருங்குது" என்கிறாள் தங்கை. அவள் புருஷன்தான், நல்ல மனுஷன், "ஒரு நாள் தனியா விட்டுத்தான் பாரேன்" என்றார். அந்த ஒரு நாள் இது. கடைக்குக் கூட்டிப்போய் நாலு சாமான் வாங்கி, பிள்ளையை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதுதான் எனக்கு வைத்த பரீட்சை.

எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சுண்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கும்போது ஒரு சூடான மூச்சு விடுவாள். அது எனக்கு வேண்டும். வாரத்தில் எல்லா வேலை நாளும் வேண்டும்.

உறையை மாட்டி, சுண்டுவின் கால்களை ஓட்டையில் நுழைத்து உட்காரவைத்து, மகாராணி ஊர்வலம் போல உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். கடையில் மற்ற பிள்ளைகள் இருந்த இருப்பைப் பார்க்கணுமே! கொஞ்சம் பெரிய பெண்பிள்ளை ஒருத்தி ட்ராலிக்குள்ளேயே செருப்புக்காலோடு கீரைக்கட்டின்மேல் நின்றுகொண்டு வந்தாள். அவளுடைய அப்பா ஒரு கையில் போன், ஒரு கையில் ட்ராலி, வளைவில் பஸ் திருப்புகிற மாதிரி திருப்பினார். இன்னொரு தொட்டில் வயசுப் பிள்ளை கைப்பிடிக் கம்பியைக் கரும்பு மாதிரி கடித்துக்கொண்டிருந்தது. இதுகளைப் பெற்றவர்கள் கண்ணை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார்களா என்று நினைத்துக்கொண்டேன். என் பிள்ளை மட்டும் பளிச்சென்று வெள்ளைக்குள் உட்கார்ந்திருக்கிற பெருமை எனக்கு. பிள்ளைமேல் கண் பட்டிருந்தால் அது என் கண்ணாகத்தான் இருக்கும்.

சோப்பு இருக்கிற பக்கம் போக மீன் பகுதியைத் தாண்டவேண்டும். தரை ஈரம். அங்கேதான் சுண்டு தன் துணி வாத்தைத் தூக்கி எறிந்தாள். மீன் தண்ணீரில் போய் விழுந்தது. இந்த மாதிரி சமயத்துக்குத் தங்கை சொல்லிவைத்த முறை உண்டு. கீழே விழுந்ததைத் திருப்பித் தரக்கூடாது. இரண்டு விரலால் எடுத்து, பையில் ஓரத்து ஜிப்பைத் திறந்து, அழுக்குக்கென்று வைத்த கவரில் போட்டு, அப்புறம் கையைத் துடைக்க வேண்டும். குனிந்தேன். இரண்டு விரலால் எடுத்தேன். ஜிப் துணியில் மாட்டிக்கொண்டது. தையல்காரியின் பையில் ஜிப் மாட்டுகிறது பார், என்று எனக்கே எரிச்சல். இழுத்துக்கொண்டிருக்கிறேன், "ஏய்! ஏய்!" என்று ஒரு குரல்.

நிமிர்ந்தால் சுண்டு நிற்கிறாள். ஓட்டையிலிருந்து எப்போது காலை உருவினாளோ தெரியாது. ஒரு கால் உறைமேல், ஒரு கால் கைப்பிடிக்கு வெளியே, இரண்டு கையும் வாத்தை நோக்கி. வழுவழுத்துணி காலுக்கடியில் வழுக்கியது. ட்ராலி பின்னால் உருண்டது. தலை கீழே வந்தது.

மீன் வெட்டுகிற பெண் ஐஸ் தட்டோடு அந்தப்பக்கமாக வந்துகொண்டிருந்தவள், தட்டை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தாள். ஒரு கை சுண்டுவின் தொடையில், ஒரு கை பிடரியில். தரைக்கும் தலைக்கும் ஒரு சாண்கூட இல்லை. ஐஸ் நாலாபக்கமும் சிதறியது. ஒரு மீன் வழுக்கிக்கொண்டே போய் யாருடைய செருப்பிலோ மோதியது. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே. எனக்குப் போனது தெரிந்தது, வந்ததா என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அவள் பிள்ளையை நிமிர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏப்ரனெல்லாம் ரத்தமும் செதிலும். சுண்டு அழவில்லை. அவளுடைய தொப்பியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது, கழுதை. நான் கிட்டே போனேன். கும்பிட வேண்டும், காலில் விழவேண்டும், குறைந்தது ஒரு நன்றியாவது சொல்லவேண்டும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கை கழுவியிருக்கீங்களா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கழுவிட்டு வரேன். அதுவரைக்கும் புள்ளைய அந்தரத்துலயே நிக்கச் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவள் கோபமாகக்கூட இல்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மீனைப் பொறுக்கக் குனிந்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று மறுபடியும் வாயைத் திறந்தேன். "வைப்ஸ் இருக்கு, வேணுமா?" என்றேன். என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை.

கழிப்பறையில் சுண்டுவைக் கழுவினேன். சட்டையை மாற்றினேன். பையில் மாற்றுச்சட்டை இரண்டு இருந்தது. தங்கை எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள். எத்தனை துடைத்தும் பிடரியிலிருந்து மீன் வாசம் போகவில்லை. அந்தப் பெண்ணின் கையில் என்னென்ன முளைக்கும் என்று தட்டில் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் கை அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தத் தட்டில் போட்டுப் பார்ப்பது? யோசிக்க யோசிக்க எது அழுக்கு, எது சுத்தம், எது நல்லது என்று எல்லாம் நூல்கண்டு சிக்கினமாதிரி சிக்கிக்கொண்டது. சுத்தம் சோறு போடும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. விழுகிற பிள்ளையைப் பிடிக்குமா என்று எழுதவில்லை. பேசாமல் மறுபடியும் மீன் பகுதிக்கே போனேன்.

அங்கே வரிசை. அதில் போய் நின்றேன், பிள்ளையை இடுப்பிலேயே இறுக்கிக்கொண்டு, ட்ராலியைக் காலால் தள்ளிக்கொண்டு. என் முறை வந்ததும் அவள் தலையைத் தூக்காமலே, "எவ்வளவு?" என்றாள்.

"அரைக் கிலோ" என்றேன். என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது, ஏன் சொன்னேன் என்று.

வெட்டிக்கொண்டே நிமிர்ந்தவள் சுண்டுவைப் பார்த்துவிட்டாள். "என்னடி, மறுபடியும் குதிக்கப் போறியா?" அப்புறம் என்னிடம், "பெல்ட் இல்லாத ட்ராலியா எடுத்தீங்க?"

"இருக்கு... உள்ள இருக்கு." உறையைத் தூக்கிக் காட்டினேன். அடியில் சாம்பல் நிறத்தில், பிசுபிசுவென்று கிடந்தது. பிடி, பூட்டு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

"உள்ள இருந்து என்னம்மா பண்ண?" என்றாள். பின்னாலிருந்தவர் "நகருங்கம்மா" என்றார். நகர்ந்தேன். நன்றி இந்தமுறையும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது தங்கை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையை வாங்கி மோந்தாள். "மீன் வாங்குனியா?" "ஆமா" என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன். பொய் இல்லை. நிஜமாகவே வாங்கியிருந்தேன். "சட்டை மாத்தியிருக்க?" "மேல பட்டுருச்சு." அதுவும் பொய் இல்லை. அவள் சுண்டுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை, நகம், காது. பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். முகம் இளகியிருந்தது. "நாந்தான்க்கா தேவையில்லாம பயந்துட்டேன். திங்கக்கெழமையிலருந்து நீயே வெச்சுக்க. அந்தக் காப்பகமெல்லாம் வேண்டாம்."

அவ்வளவுதான். கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு மீனைக் கழுவப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். அடுப்படி வாசல்வரை போனேன். சுண்டுவின் தலை தரைக்குப் பக்கத்தில் தொங்கியது கண்ணிலிருந்து போகவில்லை. இவள் தாய். இவளுக்குத் தெரியாமல் அந்தத் தலையை நான் எப்படி மடியில் போட்டுக்கொள்வது? திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாத்து, ஜிப், ஐஸ், அந்தப் பெண்ணின் கை. ஒன்றையும் விடவில்லை.

தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு அசைந்தது. "அவங்க... கை கழுவியிருந்தாங்களா?"

"நானும் அததான்டி கேட்டேன்" என்றேன்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்க்கா, பெல்ட்டு போடலியா?" என்று ஆரம்பித்தவளின் பார்வை, பையிலிருந்து பிதுங்கிக்கொண்டிருந்த வெள்ளை உறையின்மேல் போய் நின்றது. நீதானே மூடச் சொன்னாய் என்று நானும் சொல்லவில்லை. நீதானே தைத்தாய் என்று அவளும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் ஒரு பாடு சண்டை போட்டு, அழுது, முடித்திருக்கலாம்.

"குளிப்பாட்டணும்" என்று எழுந்தாள். நானும் பின்னாலேயே போனேன். குளியலறையில் பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சுண்டுவுக்குச் சோப்புப் போட்டாள். பிடரியில், தொடையில், அந்த விரல்கள் பட்டிருக்கும் என்று தோன்றிய இடமெல்லாம் போட்டாள். நுரை வழிந்தது. பிள்ளை வழுக்க ஆரம்பித்தது. நழுவப்பார்த்ததும் நான் பாய்ந்து கக்கத்தில் பிடித்தேன், அவள் இடுப்பில் பிடித்தாள்.

"அப்ப, திங்கக்கெழமை?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

குனிந்திருந்த அவளுடைய தோள் குலுங்கியது. சுண்டுவின் நெற்றியிலிருந்து நுரை கண்ணை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்துக்கா" என்றாள்.

"நீ ஊத்து. நான் பிடிச்சிருக்கேன்."

"நானும்தான் பிடிச்சிருக்கேன். நீ ஊத்து."

குவளை பக்கெட்டில் மிதந்துகொண்டிருந்தது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். பக்கெட் நிரம்பித் தண்ணீர் எங்கள் இருவரின் பாதத்தையும் நனைத்துக்கொண்டு ஓடியது. சுண்டு கண்ணை இடுக்கிக்கொண்டு அழத்தொடங்கினாள். நாலு கையும் அவள்மேலேயே இருந்தன.