காந்தத்தில் ஒட்டாத துகள்

என் வீட்டுக்காரரோடு நான் பேசி மூன்று நாள் ஆகியிருந்தது. எங்கள் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்தில் ஓட்டுவது அவர், இன்ஜினைப் பார்ப்பது நான். பேசாமல் இருந்தால் எங்களுக்குப் பிழைப்பே நடக்காது. ஆனாலும் பேசவில்லை. போன பந்தயத்தில் தோற்றதற்கு இன்ஜின் மேல் பழி போட்டார், அதுவும் நாலு பேர் முன்னால். இன்ஜினைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று காலை பந்தயப் பாதையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நான் பக்கத்திலேயே நிற்க, தன் தம்பியைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லு. இன்ஜின் சூடானதும் கீழ லேசா டொக்கு டொக்குன்னு கேக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பந்தயமே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள தோக்கறதுக்குக் காரணம் தயார் பண்ணிட்டாராமா உங்கண்ணன்?" என்றேன். கொழுந்தன் பாவம், மூன்று நாளாக எங்கள் நடுவில் தபால்காரனாகி இருந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிட்டான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்கு முன் பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பார்ப்பேன். இன்ஜினுக்குள் பேரிங் தேய ஆரம்பித்தால் அதன் துகள் முதலில் வந்து சிக்குவது அந்த மடிப்பில்தான். பார்த்து முடித்துத் தாளில் கையெழுத்துப் போடுவேன். அது இல்லாமல் அவர் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார்.

அன்று தகரத்தை வெட்டினேன், காகிதத்தை விரிக்கவில்லை. இவர் சாக்குக்கு நான் அரை மணி நேரம் ஏன் மெனக்கெட வேண்டும்? மேலோட்டமாகக் காந்தத்தைத் தடவினேன். ஒன்றும் ஒட்டவில்லை.

"ஒண்ணுமில்லன்னு சொல்லு அந்த மகராசன்கிட்ட" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பந்தயம் பன்னிரண்டு சுற்று. ஆறாவது சுற்றில் அவர் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். ரேடியோ கரகரத்தது. மூன்று நாளில் முதல் தடவையாக நேராக என்னிடம் பேசினார்.

"நீளத் திருப்பத்துல ஆயில் விளக்கு எரியுது. நேரா வந்ததும் அணைஞ்சிடுது. என்ன பண்ண?"

திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் விளக்கு மினுக்குவது உண்டுதான். ஆனால் காலையில் சொன்ன அந்தச் சத்தம்? வெட்டிப் போட்டிருந்த ஃபில்டரை எடுத்துக் காகிதத்தைக் கிழித்து விரித்தேன். மடிப்புக்கு மடிப்பு செம்பு நிறத்தில் மின்னியது. காந்தத்தைக் காட்டினேன், ஒரு துகள்கூட அசையவில்லை. பேரிங்கின் மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து அடியில் இருக்கும் செம்பு உரிகிறது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பேன். கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது.

இனி எந்த நிமிஷமும் பேரிங் கவ்விக்கொள்ளலாம். பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். கொதிக்கிற ஆயில் பின் டயரில் கொட்டும். அப்போது அவர் மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பார்.

"இன்ஜின ஆஃப் பண்ணுங்க. புல் பக்கம் ஒதுங்குங்க."

"எதுக்கு?"

"சொல்றேன்ல, நிறுத்துங்க!"

"முன்னாடி ஒருத்தன்தான் இருக்கான். உன் கோவத்த வீட்டுல வந்து காட்டு, தாயே."

"அண்ணி, அண்ணன் பின்பக்கம் போயிட்டாரு" என்றான் கொழுந்தன். அந்த நீண்ட நேர்பாதை எங்கள் இடத்திலிருந்து தெரியாது. அங்கேதான் வேகம் அதிகம். அவரை நிறுத்த ஒரே ஒரு பேச்சுத்தான் மிச்சம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அது என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"ஏங்க, தப்பு என்னோடது. ஃபில்டர விரிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். இப்பத்தான் விரிச்சேன், பூரா செம்பு. உங்க கால்ல விழறேன், நிறுத்திடுங்க."

முதல் கார் எங்களைக் கடந்து போனது. அடுத்து வந்தது மூன்றாவதாக இருந்தவன். கொழுந்தன் "அண்ணி..." என்றான். நான் பாதையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு மேலே புகை எழுகிறதா என்று பார்த்தேன். இன்னும் இரண்டு கார் போயின.

ரேடியோ கரகரத்தது. "ஆஃப் பண்ணிட்டேன். புல்லுலதான் நிக்கிறேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

சாயங்காலம் பட்டறையில் இன்ஜினின் அடித்தட்டைக் கழற்றினேன். ஒரு பேரிங் மெல்லிய தகடாகத் தேய்ந்து என் கையோடு வந்தது. அவர் பக்கத்தில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து அதை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"மூணாவது சுத்துலயே சத்தம் பெருசாயிடுச்சு. எனக்கு நல்லாவே கேட்டுச்சு" என்றார்.

"அப்பவே நிறுத்தியிருக்கலாம்ல? உயிரு என்ன விளையாட்டா?"

"நீதான் பாத்துட்டியே" என்றார். "என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."