திருப்பிப் போட்ட நாற்காலி

எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா, என் வீட்டுக்காரர் நான் சொல்றதைக் காதுலயே போட்டுக்கறதில்லன்னு. நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா மத்தவங்களுக்கு இல்லாத ஒரு வசதி எனக்கு இருந்துச்சு. என் வீட்டுக்காரருக்குக் காது நல்லா கேக்குதுன்னு எழுத்துலயே இருந்துச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நானேதான்.

யுனிவர்சிட்டியில சேஃப்டி செக்‌ஷன்ல இருக்கேன் நான். தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி முடிஞ்சிருக்கா, லேப்ல கண்ணு கழுவற குழாய்ல தண்ணி வருதா, ஆசிட் பாட்டில் பக்கத்துல யாராவது சாப்பாட்டு டப்பாவை வெச்சிருக்காங்களான்னு பாக்கற வேலை. எந்த ரூமுக்குள்ள போனாலும் "வந்துட்டாங்கப்பா"ன்னு முகம் சுளிப்பாங்க. பெரிய பெரிய புரொபசருங்ககூட என்னைப் பாத்தா டீ கப்பை மேஜைக்கு அடியில ஒளிப்பாங்க. அதுல எனக்கு ஒரு சந்தோஷம், பொய் சொல்லுவானேன்.

என் வீட்டுக்காரரும் அங்கேயேதான். சயின்ஸ் கட்டடத்துக்குக் கீழ மெஷின் ரூம்ல ஆபரேட்டர். லேபுக்கெல்லாம் குளிர் அனுப்பற மூணு கம்ப்ரெசர் இருபத்திரண்டு வருஷமா அவர் பொறுப்பு. உள்ள போனா பக்கத்துல நிக்கறவங்க வாய் அசையறது தெரியும், பேச்சு வந்து சேராது. வருஷா வருஷம் மீட்டர் பிடிச்சு சத்தத்தை அளப்பேன். தொண்ணூத்தி ஆறு டெசிபல் காட்டும், இல்லன்னா தொண்ணூத்தி ஏழு. ஒரு மனுஷன் எட்டு மணி நேரம் இருக்கக்கூடாத அளவு. காதுக்கு மாட்டற கவசத்தைக் கொடுத்தா கழுத்துல தொங்கவிட்டுக்குவார். "மெஷின் சத்தம் மாறினாத்தானே பழுதுன்னு தெரியும்? காதை மூடிக்கிட்டா எப்படிக் கேக்கறது?"ன்னு எனக்கே பாடம் எடுப்பார்.

"மெஷின் பேசறதை மட்டும் நல்லா கேளுங்க, பொண்டாட்டி பேசறதைக் கேக்காதீங்க"ன்னு நானும் பதிலுக்குக் கொடுப்பேன்.

அந்தக் கம்ப்ரெசரைச் சுத்தி சத்தத்தை அடக்கற மாதிரி ஒரு மறைப்பு கட்டுங்கன்னு ஒன்பது வருஷமா யுனிவர்சிட்டி கமிட்டிக்கு எழுதறேன். கிணத்துல போட்ட கல்லுதான். வர்ற பதில் ஒரு எழுத்து மாறாது: 'பணியாளர்களின் செவித்திறன் பரிசோதனையில் குறைபாடு ஏதும் காணப்படாததால், தற்போது இதற்கு அவசியம் எழவில்லை.' அந்தப் பரிசோதனையைப் பண்றது யாரு? நான். சொந்தக்காரங்களை டெஸ்ட் பண்ணக்கூடாதுன்னு விதி இருக்கு. இந்த வேலைக்கு ரெண்டு பேர் இருக்கணும்னும் விதி இருக்கு. ரெண்டாவது ஆளோட இடம் ஆறு வருஷமா காலி.

டெஸ்ட் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. எங்க ஆபீஸ் ரூம் மூலையில ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, கதவுல கண்ணாடி, உள்ள ஒரு நாற்காலி. உக்கார்றவர் ஹெட்போனை மாட்டிக்கணும். நான் வெளியில பட்டனை அழுத்தினா அவர் காதுல பீப்புன்னு ஒரு சத்தம் போகும். கேட்டுச்சுன்னா அவர் கையில இருக்கற பட்டனை அமுக்கணும், எனக்கு லைட் எரியும். முதல்ல கட்டைச் சத்தம், போகப் போகக் கீச்சுச் சத்தம். நாற்காலி கண்ணாடியைப் பாத்த மாதிரி தரையோட போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். எனக்கு முன்னாடி இருந்தவர் பண்ணின ஏற்பாடு. உள்ள யாராவது மயங்கி விழுந்தா வெளியில தெரியணுமாம்.

என் வீட்டுக்காரர் உள்ள உக்காந்தா கண்ணைச் சிமிட்டாம என்னையே பாப்பார். வீட்டுல சண்டை போட்டுப் பேசாம இருந்தாலும் பெட்டிக்குள்ள அப்படி ஒரு பார்வை. எங்க கிளார்க்கம்மா, "இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் எப்படிப் பாக்கறார் பாரேன்"ன்னு என் இடுப்புல இடிப்பாங்க. எனக்கு வெக்கமாவும் இருக்கும், பிடிச்சும் இருக்கும். ஒரு பீப்பைக்கூட விடமாட்டார். வருஷா வருஷம் நூத்துக்கு நூறு.

வீட்டுலதான் கதையே வேற. எங்க பொண்ணுக்கு மெல்லிசான குரல். ஸ்கூல்ல நடந்ததை ஓடிவந்து சொல்லுவா, அவர் தப்பான இடத்துல சிரிப்பார். ரெண்டு தடவை, மூணு தடவை சொல்லிப் பாத்துட்டு, "அம்மா, நீயே அப்பாகிட்ட சொல்லிடு"ன்னு எழுந்து போயிடுவா. இப்பல்லாம் அவர்கிட்ட அவ எதுவும் சொல்றதே இல்ல. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "டெஸ்ட்ல நூத்துக்கு நூறு, வீட்டுக்கு வந்தா மட்டும் செவிடா? நாங்கன்னா அவ்வளவு இளப்பமா?"ன்னு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவேன்.

"என் காதுக்கு என்னடி? நீதானே டெஸ்ட் பண்ணின? ஆத்தாளும் மகளும் முணுமுணுன்னு பேசிட்டு என்னைத் திட்டினா எப்படி?"ம்பார். மனசுல எதையும் வெச்சுக்காத மனுஷன், நிஜமாத்தான் சொல்லுவார். நான்தான் நம்பல. ஒரு தடவை ஒரு மாசம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்க செக்‌ஷனைப் பாக்க வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனுஷர். பெட்டியைப் பாத்ததும், "ஏம்மா, நாற்காலி ஏன் உங்களைப் பாத்து இருக்கு?"ன்னார்.

"மயங்கி விழுந்தா தெரியணும் சார்."

"காது டெஸ்ட்ல யாரும்மா மயங்குவாங்க?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. "பதினாலு வருஷமா பண்றேன் சார். மெஷின் ரூம் ஆளுங்க ஒருத்தர்கூட ஒரு சத்தத்தைத் தவறவிட்டதில்ல."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் உள்ள போய் உக்காருங்க."

போய் உக்காந்தேன். கண்ணாடி வழியா அவர் தெரிஞ்சார். பட்டனை அழுத்தறப்ப அவர் தோள் லேசா அசையும், பீப் கேக்கும், நான் அமுக்குவேன். பன்னெண்டு தடவை. கடைசியில வந்ததெல்லாம் ரொம்ப மெல்லிசு, அதையும் நான் விடல. ஜம்பமா வெளியில வந்தேன்.

"கடைசி ஆறு தடவை நான் சத்தமே அனுப்பலம்மா. சத்தத்தை அணைச்சுட்டு விரலை மட்டும்தான் அசைச்சேன்."

"இல்ல சார், எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டிருக்கும். நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. கண்ணு பாத்துட்டா காது கேட்ட மாதிரியே இருக்கும். உக்காந்திருக்கறவங்களுக்கே அது தெரியாது."

அத்தனை வருஷமும் என் வீட்டுக்காரர் பாத்தது என் முகத்தை இல்ல, என் தோளை. அதுவும் அவருக்கே தெரியாம. நான் போட்ட நூத்துக்கு நூறைக் காட்டித்தான் கமிட்டி மறைப்பு வேணாம்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. அதே நூத்துக்கு நூறைக் காட்டித்தான் நானும் அவரைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

"நாளைக்கே நாற்காலியைத் திருப்பிப் போட்டு மெஷின் ரூம் ஆளுங்களை மறுபடி பாத்துடுவோம். அங்க கேஸ் கசிஞ்சா ஊதற அலாரம் விசில் மாதிரி கீச்சுச் சத்தம். ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேர் இருப்பாங்க?"ன்னு கேட்டார் ஆய்வாளர்.

"ஒருத்தர்தான் சார்."

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பாத்திரம் கழுவிட்டிருந்தார். பின்னாடி போய் நின்னேன். மெதுவா ஒரு தடவை "ஏங்க"ன்னா போதும், தெரிஞ்சிடும். வாய் வரைக்கும் வந்துச்சு, கூப்பிடல. பயந்துட்டேன், வேற என்ன. அவருக்கு நிஜமாவே கேக்கலன்னா, நான் பேசின பேச்சையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டறது? ஒரு துணியை எடுத்து அவர் கழுவி வெச்ச தட்டையெல்லாம் துடைச்சேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்ல இருந்து ஆள் வந்து போல்ட்டைக் கழட்டி, நாற்காலியைச் சுவத்தைப் பாக்கத் திருப்பிட்டுப் போனார். டெஸ்ட்டுக்கு என் வீட்டுக்காரர்தான் முதல் ஆள். சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்திருந்தார். நாற்காலியைப் பாத்துட்டு, "என்ன, என் மூஞ்சி உனக்குச் சலிச்சுப் போச்சா?"ன்னார்.

"ரூல் மாறிடுச்சு. உக்காருங்க."

ஆய்வாளர் ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்துல போட்டுக்கிட்டார். கட்டைச் சத்தத்தை அனுப்பினேன். லைட் எரிஞ்சுது. அடுத்ததுக்கும் எரிஞ்சுது. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. "பாத்தீங்களா சார்"னு வாயெடுத்தேன். மூணாவதுக்குச் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்துச்சு. அப்புறம் கீச்சுச் சத்தம், அந்த அலாரம் ஊதற அதே சுருதி. நாப்பது டெசிபல்ல வெச்சேன், லைட் இல்ல. அம்பது. அறுபது. நானும் ஒரு ஹெட்போன் மாட்டியிருந்தேன், அதுல காதைக் குத்த ஆரம்பிச்சுது. எழுபது. அவர் பிடரியும், பட்டன் மேல தயாரா வெச்சிருந்த கட்டைவிரலும் தெரிஞ்சுது. அமுக்குங்க, அமுக்கித் தொலைங்கன்னு மனசுக்குள்ள கத்தினேன். பொய்யாவது ஒரு தடவை அமுக்கக்கூடாதா? அந்த மனுஷனுக்குப் பொய்யா அமுக்கத் தெரியாது. எண்பது வெச்சதும் என்னால தாங்க முடியல, என் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டேன்.

"போதும்மா"ன்னார் ஆய்வாளர். ஃபார்மை என் பக்கம் நகத்தி வெச்சார்.

உள்ளதை எழுதினா அவர் இனிமே அந்த மெஷின் ரூம் படியில இறங்க முடியாது. மாத்தி எழுதினா, என்னிக்காவது ஒரு நாள் அந்த விசில் ஊதும், அவர் பாட்டுக்குக் கம்ப்ரெசரைத் துடைச்சுக்கிட்டு நிப்பார். எதை எழுதினாலும் போன காது வரப்போறதில்ல. பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

பெட்டிக்குள்ள அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தார். அப்புறம் கழுத்தைத் திருப்பி, கண்ணாடி வழியா என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுச் சிரிச்சார். உள்ள இருக்கற மைக் வழியா என் மேஜை ஸ்பீக்கர்ல அவர் குரல் வந்துச்சு.

"என்னடி, பாதியிலேயே நிறுத்திட்ட? மீதிச் சத்தத்தையும் போடு. எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்."