உள்வாயில் ஒரு வீடு

பட்டாளத்திலிருந்து திரும்பிய என்னை ராஜபாளையத்தில் யாரும் புத்திசாலி என்று சொன்னதில்லை. ஆனால் எண்பத்தேழில் நான் செய்த காரியத்தை என் மனைவி சுந்தரம்மாள் இன்றுவரை விடவில்லை. கண்மாய்க்கரைக்கு வெளியே எங்களுக்கு ஒரு ஏக்கர் நஞ்சை. கண்மாய்த் தண்ணீரில்தான் விளையும். மழை பொய்த்துக் கண்மாய் காய்ந்து கிடந்த வருஷங்களில் அதன் உள்வாயில், தண்ணீர் நிற்கும் இடத்திலேயே, பிளாட் போட்டு விற்றார்கள். பென்ஷன் பணத்தில் ஒன்றை வாங்கி வீடு கட்டினேன். கண்மாய் நிறைந்தால் வயல் விளையும், வீடு முங்கும். நிறையாவிட்டால் வீடு நிற்கும், வயல் கருகும். சத்தியமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. தெருக்காரர்கள் கடப்பாரையோடு மறுகாலுக்குக் கிளம்பினார்கள். நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் அந்தச் சுவரை உடைத்தால் கண்மாய் வடிந்துவிடும். அங்கே வயல்காரர்கள் முன்னமே வந்து மறித்து நின்றார்கள். நானும் போனேன்.

"அண்ணாச்சி, ஒங்க வீடும் முங்குதுல்ல. நீங்க சொல்லுங்க," என்றான் பக்கத்து வீட்டு வேல்சாமி.

"ஒம்ம வயலும் இங்கதான இருக்கு. நீரே சொல்லும்," என்றார் என் வயலை ஒட்டி வெள்ளாமை செய்யும் கண்ணுச்சாமி.

எல்லையில் துப்பாக்கி பிடித்தவன் நான். ஆனாலும் பயமாக இருந்தது.

அப்போது சுந்தரம்மாள் முழங்கால் தண்ணீரில் வந்தாள். தலையில் விதைநெல் மூட்டை. கரையில் இறக்கி வைத்தாள்.

"சாமானெல்லாம் பரண்ல ஏத்திட்டேன். தெருப்பிள்ளைக பள்ளிக்கூடத்துல இருக்கு. வீட்ட பொறவு கழுவிக்கிரலாம். இந்தத் தண்ணி போச்சுன்னா எங்க போயிப் பிடிக்க? சுவரத் தொடாதீக."

வேல்சாமிக்கு வயல் கிடையாது. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பினான். மாசியில் அறுத்த நெல்லில் முதல் மூட்டை அவன் வீட்டுக்குப் போனது.

சித்திரையில் வீட்டை விற்றுவிட நினைத்தேன். சுவரில் இடுப்புயரத்துக்கு இருந்த தண்ணீர்க் கறையை இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடை நைனா முகமது பார்க்க வந்தார்.

"தண்ணி வசதி எப்படிம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் சுந்தரம்மாள் சொல்லிவிட்டாள்: "கண்மா நெறஞ்சா வீட்டுக்குள்ளயே வந்துரும். கரைக்கு அங்கிட்டு எங்க வயலு வெளையறதே அந்தத் தண்ணியிலதான்."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் மானம் கப்பலேறியது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"அப்ப அந்த வயலு வெலைக்கு வருமா?"

"அது வராது, பாய்," என்றாள். "அதுக்காகத்தான் வீட்டையே முங்க விட்டோம்."