தொண்ணூற்று நான்காம் செடி

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. "கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டு நிக்கிறியே" என்று காலையில் கணவர் கிண்டல் செய்தார். காதில் போட்டுக்கொள்ளாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். ஒன்பது மணிக்கு மரபணு வரிசை முடிவுகள் வரவேண்டும். என் வேலை ஒப்பந்தமோ அந்த மாதத்தோடு முடிகிறது.

மூன்று ஆண்டுகளாக வெள்ளரியோடு மல்லுக்கட்டுகிறேன். காட்டு வெள்ளரியில் இலைநோயைத் தாங்கும் மரபணு இருக்கிறது. பாழாய்ப்போன கசப்பு மரபணுவும் அதன் பக்கத்திலேயே குடியிருக்கிறது. எந்தக் கலப்பிலும் இரண்டும் நகமும் சதையுமாகச் சேர்ந்தே வருகின்றன. மகரந்தமும் கருமுட்டையும் உருவாகும்போது தாய்வழி மரபணு இழையும் தந்தைவழி மரபணு இழையும் துண்டுகளை வெட்டி மாற்றிக்கொள்ளும். அந்த வெட்டு இவை இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும். நாலாயிரம் செடிகளில் விழவில்லை.

அன்று விழுந்திருந்தது. கடைசித் தொகுதியில், மூன்றாம் எண் செடியில்! இயக்குநரிடம் சொன்னேன். "சாயங்காலமே ஒப்பந்தத்த நீட்டிச்சிடலாம்மா" என்றார். அதே வேகத்தில் பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, மூணாம் நம்பர் மட்டும் இருக்கட்டும். மத்ததெல்லாம் எடுத்துடுங்க. அதுக்கு நல்லா இடம் வேணும்."

"இன்னைக்கேவா? ரெண்டு நாள் கெடக்கட்டுமே."

"இப்பவே!"

காட்டு இனத்தின் கலப்பு வெளியே பரவக்கூடாது. அதனால் அகற்றும் செடிகளை நீராவிப் பெட்டியில் வேகவைத்துத்தான் எறிவோம்.

மதியம் இயக்குநருக்கு ஒரு படம் தயாரிக்க முழுத் தொகுதியையும் திறந்தேன். இலைச்சாறு வைக்கும் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். குழியின் எண்தான் செடியின் எண். சரிபார்ப்பதற்காகக் கடைசிக் குழியில் வெறும் தண்ணீர் விடுவோம். முடிவுகளில் முதல் குழி காலியாக இருந்தது, கடைசிக் குழியில் ஒரு செடியின் வரிசை இருந்தது. தட்டை இயந்திரத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்தது நான்தான். உதவிக்கு வந்தவரைக்கூட நகரச் சொல்லிவிட்டு வைத்தேன். மூன்று என்று வந்தது உண்மையில் தொண்ணூற்று நான்கு.

ஓடினேன். அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தி நாலு எங்கக்கா?"

"எல்லாம் பன்னெண்டு மணிக்கே வெந்தாச்சு. நீங்கதான் அப்படி அவசரப்படுத்தினீங்க."

அவர்மேல் எரிந்து விழத்தான் வாயைத் திறந்தேன். நீளமான மேசையில் அந்த ஒற்றைச் செடி தளதளவென்று நின்றது. நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ இது கசக்குமா?"

"கசக்கும்."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "காய்க்க நாப்பது நாளாவது ஆகும். அதுவரைக்கும் யாருக்குத் தெரியப்போகுது?"

கையெழுத்து சாயங்காலம். மேசைக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தச் செடியைப் பார்க்கவே அவமானமாக இருந்தது. கைபேசியை எடுத்தேன்.

"சார், மூணாம் செடி இல்ல. தட்ட நான் திருப்பி வெச்சுட்டேன். நம்ம செடி தொண்ணூத்தி நாலு."

"அவ்வளவுதானே? அத எடுத்துப் பத்திரமா வைங்க. இதுக்குப் போய் ஏம்மா குரல் நடுங்குது?"

"அதோட மரபணு வரிசையில முப்பத்தஞ்சு கோடி எழுத்தும் என்கிட்ட இருக்கு சார்," என்றேன். "செடிதான் இல்ல."