மாமா துப்பிய வயிறு

ஆய்வுக்காகச் சந்தூ கம்போடியக் காட்டில் பிடித்து வந்த ரோமக்கால் பெருஞ்சிலந்தியை, மாமா வுத்தி ஊர் வழக்கப்படி பூண்டு போட்டுப் பொரித்துத் தின்றுவிட்டார்.

"ஐயோ மாமா, அது புது இனமான்னு பார்க்கணும்! இருந்ததே ஒண்ணுதான்!"

"சிலந்தியை அடுப்பங்கரையில வெச்சா வேற என்னடி பண்ணுவாங்க?"

"வயித்தையுமா தின்னீங்க?"

"சீ, அந்தக் கசப்பை எவன் தின்பான்? கடிச்சதும் கொல்லையில துப்பிட்டேன்."

சந்தூவுக்கு உயிர் வந்தது. அது பெண் சிலந்தி; இனத்தைக் காட்டிக்கொடுக்கும் பெண்ணுறுப்பு வயிற்றில்தான் இருக்கிறது. கோழிகளை விரட்டிவிட்டு, மாமாவின் எச்சில் ஊறிய பழுப்புக் கூழை விரலால் பிசைந்து தேடினாள். கடைசியில் அந்த உறுப்பு ஒட்டிய ஒரு பொட்டுத் தோல் அகப்பட்டது. நுண்ணோக்கியில் பார்த்தாள். உறுப்பின் வடிவம் ஏற்கெனவே தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை.

"புதுசுதான் மாமா!"

"அதான் ருசி மட்டமா இருந்துச்சு" என்றார் மாமா, பல்லிடுக்கிலிருந்து ஒரு காலை உருவியபடி.