மருதோன்றிக்குள் இருந்தது

பூஞ்சணம் என்றால் பழைய பாண் ரொட்டியில் பிடிக்கிற பச்சை மட்டும்தான் என்று நினைக்கிறவர்களோடு கதைத்தே றுமானா களைத்துப்போனாள். உயிருள்ள இலைக்குள்ளும், ஒரு நோயும் காட்டாமல், அது குடியிருக்கும். திருகோணமலை ஆய்வுகூடத்தில் இரண்டு வருடமாக அவள் தேடியது அதைத்தான். ஊர் ஊராய்க் கடலோரக் கண்டல் மரத்து இலை பொறுக்கினாள். கடைசியில் கிண்ணியாவில், தன் வீட்டுக் கிணற்றடி மருதோன்றிக்குள் அகப்பட்டது, உலகத்தில் எவரும் பெயர் வைக்காத ஒன்று. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இலை வைக்காமல் விட்ட வெறும் வளர்ப்புத் தட்டிலும் அதே செம்மஞ்சள் பூஞ்சண நூல் படர்ந்திருந்தது.

"உங்கட கையைப் பாருங்கோ," என்றார் ஆய்வுகூடப் பொறுப்பாளர் சஞ்சீவன்.

பத்து நகமும் சிவப்பு. போன மாதம் தங்கை ஜெஸ்மினின் கலியாணத்துக்கு அந்த மரத்து இலையைத்தான் அரைத்தாள். மணப்பெண்ணுக்குப் பூசி, மிஞ்சியதைத் தானும் அப்பிக்கொண்டாள். கையுறை போடாமல் தட்டைத் தொட்டதும் அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நகத்தின் மேலே ஒட்டியதென்றால் கழுவினால் சாகும். நகத்தில் ஒரு துண்டை வெட்டி, இலையைக் கழுவுகிற மாதிரியே ஸ்பிரிட்டிலும் குளோரின் நீரிலும் கழுவித் தட்டில் வைத்தாள். கடைசியாகக் கழுவிய நீரை இன்னொரு தட்டில் ஊற்றினாள். ஐந்தாம் நாள் நீர்த்தட்டு சுத்தமாக இருந்தது; மேலே ஒன்றும் மிஞ்சவில்லை. நகத்தின் வெட்டுவாயிலிருந்து மட்டும் செம்மஞ்சள் நூல் மெல்ல வெளியே வந்திருந்தது.

மூதூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு உடனே போன் எடுத்தாள்.

"ஜெஸ்மின், உன்ட கை எப்பிடி இருக்கு?"

"அதை ஏன் கேக்கிறீங்க றாத்தா!" தங்கை சிரித்தாள். "நகத்தில சிவப்பு இன்னும் போகல்ல. புதுசா முளைக்கிறதும் அடியிலிருந்தே சிவப்பாத்தான் வருது. மாமிக்குச் சரியான புளுகம், ஒரே சந்தோசம். பரக்கத்தாம், அல்லாஹ்ட அருளாம்."

றுமானா தன் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான் முளைத்திருந்தது.

"ஏன் றாத்தா கேட்டீங்க? பயப்பட ஒண்டுமில்லையே?"

எப்படியாவது ஒன்று அகப்படவேண்டும் என்று இரண்டு வருடம் துஆக் கேட்டவள், கண்டதெல்லாம் சரியாகக் கழுவாத தன் பிழையாக இருக்கட்டும் என்று அல்லாஹ்விடம் மன்றாடினாள். "உன்ட நகத்தில ஒரு துண்டு வெட்டி வை," என்றாள், "நாளைக்கு நான் வாறன்."