கழுவின ஈரல்

ஆய்வுக்கூடத்துல மேசை துடைக்கிறது, கண்ணாடிக் குடுவை கழுவுறது, தினம் காலையில கறிக்கடையில ஆட்டு ஈரல் வாங்கிட்டு வர்றது. இதான் என் வேலை. அங்க எல்லாருக்கும் நான் பெரியம்மா.

எங்க டாக்டரம்மா ஒரு பசை கண்டுபிடிச்சுக்கிட்டிருந்தாங்க. அலை என்ன அடி அடிச்சாலும் பாறையை விடாம ஒட்டிக்கிட்டு கிடக்குமே சிப்பி, அது சுரக்குற பசை மாதிரியே. ஈரல் கிழிஞ்சா தையல் நிக்காதாம், நூலு அறுத்துக்கிட்டு வந்துருமாம். அவங்க அண்ணன் விபத்துல அப்படித்தான் ஆபரேஷன் மேசையிலயே போனாராம். அதனால ரத்தம் ஓடுற எடத்துலயே ஒட்டுற பசை வேணும்னு அஞ்சு வருஷமா ஒத்தக்கால்ல நின்னாங்க.

ஈரலைக் கீறி, குழாய் வழியா ரத்தத்தை ஓடவிட்டு, பசையைத் தடவுவாங்க. கப்புனு பிடிச்சுக்கும். இந்த ஒரு வருஷத்துல இருநூறு ஈரலுக்கு மேல பாத்தாச்சு, ஒண்ணுகூட கசியல.

"பெரியம்மா, உங்க ஈரல் மினுங்குற மினுக்குக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தேடி வரப்போறாங்க"ன்னு கூடத்துப் பிள்ளைங்க கேலி வேற.

நேத்து உசுருள்ள ஆட்டுல பாத்தாங்க. இதுல தேறினாதான் அடுத்து மனுஷங்களுக்கு. மயக்கம் குடுத்து சர்ஜன் கீறினார். டாக்டரம்மா பசையைத் தடவினாங்க. பால்மேல ஆடை நகருமே, அந்த மாதிரி வழுக்கிட்டு ரத்தத்தோடயே போச்சு. திரும்பத் தடவினாங்க. திரும்பவும். நாலாவது தடவை சர்ஜன் அவங்க கையைப் பிடிச்சுட்டார்.

"விடுங்க டாக்டர். ஆடு போயிருச்சு."

சாயங்காலம் நோட்டைப் புரட்டிக்கிட்டே இருந்தாங்க. சாப்பிடல.

"மேசையில ஒட்டுது, ஆட்டுல ஒட்டல. என்ன பெரியம்மா வித்தியாசம்? ரெண்டும் ஈரல்தானே?"

பாவமா இருந்துச்சு. தேத்தலாம்னு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "நம்ம ஈரல்ல ஒரு குறையும் இல்லம்மா. உப்பும் வினிகரும் போட்டு ரெண்டு தடவை அலசித்தானே கொண்டாறேன்"னேன்.

நோட்டைப் புரட்டின கை நின்னுச்சு.

"வினிகரா?"

"கவுச்சி அடிக்குமேம்மா. வீட்டுல செய்யற மாதிரிதான்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து."

திட்டுவாங்கன்னு நின்னேன். நோட்டை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இன்னைக்குக் காலையில, "கழுவாம அப்படியே கொண்டு வாங்க"ன்னாங்க. கொண்டு போனேன். கீறினாங்க, ரத்தத்தை விட்டாங்க, பசையைத் தடவினாங்க. வழுக்கிட்டு தட்டுல விழுந்துச்சு. இன்னொரு துண்டு. அதுவும் அப்படித்தான்.

"வினிகர் மேல்தோலை வெறைக்க வெச்சிருக்கு. பசை அதைத்தான் பிடிச்சிருக்கு"ன்னாங்க. "அப்போ இது ஈரல்ல என்னைக்குமே ஒட்டினதில்ல."

"நாலு வார்த்தை திட்டிருங்கம்மா"ன்னேன்.

கையுறையைக் கழட்டாமலே உக்காந்திருந்தாங்க.

"எப்படிக் கொண்டாறீங்கன்னு கேக்காதது நான்தானே பெரியம்மா"ன்னாங்க. "நாளைக்கு ஈரல் வாங்க வேணாம்."

சரிம்மான்னேன்.